433-க்கு எதிரே ஒரு கறுப்புப் புள்ளி: ஏற்காட்டுக்கு லோரா பலகை வாங்கிய அனுபவம்

நேற்றுக் காலை என் வங்கிக் கணக்கில் 1,210 ரூபாய் வரவு வைக்கப்பட்டது. கம்பியில்லாமல் தரவு அனுப்பும் லோரா பலகைகள் இரண்டுக்காக ஜனவரியில் நான் செலுத்திய 1,300 ரூபாயில் இவ்வளவையாவது மீட்க இரண்டரை மாதம் ஆயிற்று. அதற்குள், காப்பிச் செடியைப் பூக்கவைக்கும் பூ மழை இந்த ஆண்டில் முதல் முறை பெய்து ஓய்ந்துவிட்டது. அதை அளக்கத்தான் இத்தனையும் வாங்கினேன் என்பதால், பணம் வந்த பிறகும் மனம் ஆறவில்லை.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் மொட்டோடு காத்திருக்கும் அரபிகா செடி, நல்ல மழை ஒன்று விழுந்தால் ஒன்பது பத்து நாளில் பூத்துவிடும். மழை போதாமல் போனால் பூவும் அரைகுறையாகவே விரியும். வீட்டு முற்றத்தில் அப்பா வைத்திருக்கும் கண்ணாடிக் குடுவை 20 மில்லிமீட்டர் காட்டும் நாளில், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள சரிவில் அதில் பாதிகூடப் பெய்திருக்காது. அங்கே கைப்பேசி அலையும் எட்டாது. ஆகவே, உள்ளேயுள்ள சிறு வாளி மழைநீர் நிறைந்து சாயும் ஒவ்வொரு முறையும் 0.2794 மில்லிமீட்டரைக் கணக்கிடும் மழைமானி ஒன்றைச் சரிவில் நட்டு, அந்தக் கணக்கை லோரா வானொலிப் பலகை மூலம் வீட்டுக்குக் கொண்டுவரத் திட்டமிட்டேன். இத்தகைய கருவிகளை உரிமம் பெறாமல் பயன்படுத்துவதற்கென்று 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசை நம் நாட்டில் 2005-இலேயே திறந்துவிடப்பட்டது. ஆகையால் எனக்கு வேண்டியது, இந்த அலைவரிசைக்கும் பொருந்தும் 868 வகைப் பலகை. சேலத்தில் நான் விசாரித்த கடைகளில் கல்லூரி மாணவர்களின் புராஜெக்டுக்கான பொருள்கள் எல்லாம் இருந்தன, இது மட்டும் இல்லை. எனவே வடமாநிலத்திலிருந்து தனி இணையதளம் வைத்து விற்கும் ஒரு சிறு விற்பனையாளரிடம் இரண்டு பலகைகளுக்குப் பணம் கட்டினேன். மழைமானியும் பேட்டரிகளும் வேறிடங்களிலிருந்து ஒழுங்காக வந்து சேர்ந்தன.

முதல் தொல்லை கூரியர். பொட்டலம் நான்காம் நாளே சேலம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு, 'வீட்டில் ஆள் இல்லை, திரும்ப முயல்வோம்' என்ற செய்தி இரண்டு முறை வந்தது. இரண்டு நாளும் நாங்கள் வீட்டில்தான் இருந்தோம். ஒருவரும் வரவும் இல்லை, அழைக்கவும் இல்லை. ஒன்பதாம் நாள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, கந்தம்பட்டிப் பக்கம் இருந்த அவர்களுடைய கிடங்குக்கே போனேன். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார்: "ஏற்காடு எங்க டெலிவரி ஏரியாவுலயே வராதுங்க சார். சிஸ்டத்துல எதாவது ஒரு காரணம் போட்டாத்தான் அடுத்த நாளைக்குத் தள்ளும்." அந்த ஒரு பொய்க் காரணம் பின்னால் எனக்கு எவ்வளவு பாதகமாயிற்று என்பதைச் சொல்கிறேன். மலைமேல் இருப்பவர்கள் பணம் கட்டுமுன்பே எந்தக் கூரியர் என்று கேட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; முடியாதென்றால் கீழே சேலத்தில் உறவினர் முகவரியைக் கொடுங்கள். நான் இப்போது அஸ்தம்பட்டியில் உள்ள அக்கா வீட்டு முகவரியைத்தான் கொடுக்கிறேன்.

இரண்டாவது தொல்லைதான் பெரியது. மேசைமேல் வைத்தபோது இரண்டு பலகைகளும் அருமையாகப் பேசிக்கொண்டன. நிரலில் 866 என்று எழுதினேன். அனுப்பிய தரவில் ஒன்றுகூடத் தவறவில்லை. தோட்டத்துக்குக் கொண்டுபோனால், முதல் சில்வர் ஓக் வரிசையைத் தாண்டி அறுபது தப்படியிலேயே தொடர்பு அறுந்தது. ஆண்டெனாவைச் சந்தேகித்து, 866-க்குரிய கால் அலைநீளமான 8.6 சென்டிமீட்டருக்குச் செம்புக் கம்பியை வெட்டிப் பற்றவைத்தேன். கம்பத்தை உயர்த்தினேன். இப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கடைசியில்தான் பலகையைத் திருப்பிப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பின்புறம் 433, 868, 915 என்று மூன்று எண்களும் ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறு கட்டமும் அச்சிடப்பட்டிருந்தன. பேனாவால் இட்டதுபோன்ற கறுப்புப் புள்ளி 433-இன் கட்டத்தில் இருந்தது.

இதில் பலரும் ஏமாறும் இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தப் பலகைகளில் உள்ள எஸ்.எக்ஸ். 1276 என்ற சில்லு (சிப்) 137 முதல் 1020 மெகாஹெர்ட்ஸ் வரையில் பல அலைவரிசைகளில் இயங்கும். ஆனால் சில்லுக்கும் ஆண்டெனாவுக்கும் இடையிலுள்ள நுண்ணிய சுருள்களும் மின்தேக்கிகளும் ஏதேனும் ஓர் அலைவரிசைக்கென்றே பொருத்தப்பட்டவை. 433-க்கான பலகையை 866-இல் ஓட்டினால் அது மறுக்காது, பிழைச் செய்தியும் தராது. ஆற்றலில் பெரும்பகுதி வெளியே போகாமல் உள்ளேயே வீணாகும். அதனால்தான் மேசையில் வேலை செய்தது, சரிவில் செய்யவில்லை. இந்த விவரத்தை எழுதி அனுப்பியபோது விற்பனையாளர் கொடுத்த பதில், "மென்பொருளில் அலைவரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்" என்பது. திரும்ப எழுதினேன். ஏழு நாள் மாற்றுக் கெடு முடிந்துவிட்டது என்றார். அந்த ஏழு நாளை அவர் கணக்கிட்டது, கூரியர்க்காரர்கள் 'வீட்டில் ஆள் இல்லை' என்று பதிந்த முதல் நாளிலிருந்து! மூன்றாம் முறை கேட்டபோது, நானே பலகையை மாற்றிவிட்டுப் புகார் சொல்வதாக எழுதினார். அந்த வரியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

கைகொடுத்தது, பொட்டலத்தைப் பிரித்தபோது என் மகள் எடுத்த வீடியோ. முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, ஒட்டுநாடாவை வெட்டுவது வரை நிறுத்தாமல் எடுத்தவள், ஒவ்வொரு பலகையையும் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டச் சொல்லியிருந்தாள். படத்தை நிறுத்திப் பார்த்தால் அந்தக் கறுப்புப் புள்ளி தெளிவாகத் தெரிந்தது. அதையும், 868 என்று விளம்பரப்படுத்திய அவர்களுடைய பக்கத்தின் படத்தையும் இணைத்து, 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைச் சுட்டி எழுதினேன். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது; புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன அவ்விதிகள். அன்றே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துத் தமிழிலேயே புகாரைப் பதிந்து, அந்தப் பதிவு எண்ணையும் அவருக்கு அனுப்பினேன். வழக்கு என்று வந்தால் அவருடைய ஊருக்கு நான் அலைய வேண்டியதில்லை, என் மாவட்டமான சேலத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே தொடரலாம் என்பதையும் குறிப்பிட்டேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது: பலகைகளை அனுப்புங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினேன்.

மறுபடி வாங்கியது தமிழ்நாட்டிலேயே உள்ள வேறொரு சிறு விற்பனையாளரிடம். இம்முறை ஜி.எஸ்.டி. எண்ணை முதலில் கேட்டேன். அது 33 என்று தொடங்கினால் நம் மாநிலப் பதிவு, ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால் கடையின் பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் தெரிந்துவிடும். அடுத்து, பலகையின் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் படம் வந்தது: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பலகை, 868-இன் கட்டத்தில் புள்ளி. அதைப் பார்த்த பிறகே பணம் அனுப்பினேன். போன வாரத்திலிருந்து சரிவின் மழைக்கணக்கு தடையில்லாமல் வீட்டுக்கு வருகிறது.

பழைய விற்பனையாளர் பிடித்துக்கொண்ட 90 ரூபாய், முதலில் பொட்டலம் அனுப்பிய கூலியாம். தவறான பொருளை அனுப்பிய கூலியை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டு, அவர்களுடைய குறைதீர் அலுவலருக்கு நேற்று மாலை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். 48 மணி நேரக் கெடு நாளை மாலை முடிகிறது.