அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதியும் ஊரில் இருக்கும் உறவுகளும்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிறகு வர்ஜீனியாவில் ராணுவ ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. அரசின் ரகசியத் தகவல்களைக் கையாள்வதற்கான ‘சீக்ரெட்’ நிலைப் பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேலை. இதற்கு நாமாக விண்ணப்பிக்க முடியாது. நிறுவனம்தான் முன்மொழிய வேண்டும். பிறகு எஸ்எஃப்-86 என்ற நீண்ட படிவம் நம் கைக்கு வரும்.

அதில் என்னை அதிக நேரம் உட்காரவைத்தது 18-ஆம் பிரிவு, உறவினர் விவரம். பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் என ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதி, ஊர், முகவரி, குடியுரிமை, வேலை. வெளிநாட்டில் இருப்பவர் என்றால் எப்படிப் பேசுகிறோம், எவ்வளவு அடிக்கடி, அந்நாட்டு அரசோடு அவருக்குத் தொடர்பு உண்டா என்பதும் வேண்டும். அண்ணன் தூத்துக்குடியில் மின்வாரியப் பொறியாளர். மறைந்த அப்பா அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. நம் ஊரில் இதெல்லாம் சாதாரணம். படிவத்தின் கண்ணுக்கு இவையும் அரசுத் தொடர்பு. ஒன்றுவிடாமல் எழுதினேன்.

அம்மாவிடம் பிறந்த தேதி கேட்டபோது, “பள்ளிக்கூடத்தில் கொடுத்ததா, உண்மையிலேயே பிறந்ததா? எதைச் சொல்லட்டும் ஐயா?” என்றார். ஆதாரில் உள்ளதை எழுதி, கீழே விளக்கமும் சேர்த்தேன். பூர்வீக வீட்டில் என் பங்கு, ஊர் வங்கிக் கணக்கு, அம்மாவுக்கு அனுப்பும் பணம் ஆகியவை 20-ஆம் பிரிவில்.

படிவத்தில் எழுதியதைச் சரிபார்க்கும் அதிகாரியுடனான நேர்காணல் அமைதியாக முடிந்தது. ஆனால் பல மாதங்கள் கழித்து, அனுமதி மறுக்க எண்ணுவதற்கான காரணங்களைப் பட்டியலிட்ட கடிதம் வந்தது. அம்மா, அண்ணன், பூர்வீக வீடு. பதில் தர 20 நாள். எழுத்து ஆவணங்களை மட்டும் வைத்து முடிவெடுக்கச் சொல்லலாம். நிர்வாக நீதிபதி முன் விசாரணையும் கேட்கலாம். நான் விசாரணை கேட்டேன். நேரில் பார்த்து நம்மை எடைபோட வாய்ப்பிருக்கும்போது அதை விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அனுமதி தரலாமா என்று முடிவெடுக்க 2017 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள வழிகாட்டுதலில் 13 அளவுகோல்கள் உண்டு. அவற்றில் ‘பி’ என்பது வெளிநாட்டுச் செல்வாக்கு. வெளிநாட்டில் உறவினர் இருப்பது குற்றமல்ல. அவர்களைப் பிடித்து நம்மை மிரட்டவோ வளைக்கவோ கூடுதல் வாய்ப்பு இருக்கிறதா என்பதே கேள்வி. எந்த நாடு என்பதைப் பொறுத்து அதன் கனம் மாறும். சந்தேகம் மிஞ்சினால் தீர்ப்பு நாட்டின் பாதுகாப்புப் பக்கம்தான் சாயும். ஆகவே அண்ணன் எவ்வளவு நல்லவர் என்று நான் வாதாடவில்லை. இங்குள்ள வீட்டுக் கடன், ஓய்வூதியச் சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கான தாள்களை அடுக்கினேன். ஊர்ச் சொத்தின் மதிப்பு அவற்றின் முன் எவ்வளவு சிறியது என்பதை மதிப்பீட்டுச் சான்றோடு காட்டினேன். மேலதிகாரி வந்து சாட்சி சொன்னார். “அண்ணனுக்கு யாராவது நெருக்கடி கொடுத்தால்?” என்று கேட்டார்கள். “அன்றே பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிப்பேன்” என்றேன்.

விசாரணைக்கு முன், அம்மாவுக்கு ஃபோன் செய்வதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னவர்கள் உண்டு. அது கொடுமையான யோசனை, பயனும் இல்லாதது. பெற்ற தாயிடம் பாசம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் நீதிபதியே தொடங்குகிறார். பெயர் நீக்கி வெளியிடப்படும் பழைய தீர்ப்புகளைப் படியுங்கள். அவை எனக்கு மிகவும் உதவின.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. இப்போது ஊருக்கு டிக்கெட் எடுத்ததும் பயண விவரத்தை நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அனுமதி உள்ளவரை இந்தக் கடமையும் உண்டு.