மூன்று வீடுகளும் ஒரு நாட்காட்டியும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சங்கத்துக்கு ஒரு பெரியவர் எழுதிவைத்துவிட்டுப் போன மூன்று வீடுகள் சும்மா கிடந்தன. ஆதரவில்லாத பிள்ளைகளை அங்கே வைத்து வளர்ப்பது என்று கமிட்டியில் முடிவானது. பெயிண்ட் அடித்தோம், கட்டில் வாங்கினோம், ஜன்னலுக்குக் கம்பி போட்டோம். இனி அதிகாரி வந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். பொருளாளர் நான், கணக்கு சுத்தம் என்ற தைரியம் வேறு.

இந்த நாட்டின் 2005ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, ஒரே குடும்பத்தில் 6 வளர்ப்புப் பிள்ளைகளுக்கு மேல் பொதுவாக விடமாட்டார்கள். எங்களைப் போலப் பல வீடுகளைச் சேர்த்து நடத்துவதென்றால் கிளஸ்டர் திட்டமாக மாகாணத்தில் பதிய வேண்டும். அதையும் லாபநோக்கில்லாத அமைப்புதான் நடத்தலாம். தன் செக்யூரிட்டி கம்பெனி பெயரிலேயே நடத்தலாமே என்று ஒரு உறுப்பினர் ஆரம்பித்தார். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

பாடாய்ப் படுத்தியது ஃபார்ம் 30. பிள்ளைகள் பக்கமே விடக்கூடாதவர்கள் என்று ஒரு தேசியப் பட்டியல் உண்டு. அதில் நம் ஆட்கள் பெயர் இல்லை என்று எழுத்தில் வாங்க வேண்டும். வளர்ப்பு அம்மாமார், நான், வண்டி ஓட்டும் தம்பி, எல்லோர் பெயருக்கும் அந்த ஃபார்மை எழுதிப்போட்டேன். அவசரத்தில் ஒரு அடையாள அட்டை நகலை மங்கலாக எடுத்துவிட்டேன். அது திரும்பி வந்து, மறுபடி முதலிலிருந்து.

மதிப்பிட வந்தவர் ஒரு ஜூலு அம்மா, சமூகப் பணியாளர். கட்டில்களை நின்றுகூடப் பார்க்கவில்லை. மருந்து அலமாரியைத் திறந்து, "பூட்டு எங்கே?" என்றார். பிறகு வளர்ப்பு அம்மாவாக இருக்கப்போகும் எங்கள் ஆண்ட்டியிடம், "ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளை படுக்கையை நனைச்சிட்டு அழுதா என்ன செய்வீங்க?"

ஆண்ட்டி யோசிக்கவே இல்லை. "பெரிய லைட்டப் போடமாட்டேன், மத்த பிள்ளைங்க முழிச்சிக்கும். கழுவி, துணி மாத்தி, என் பக்கத்துல படுக்க வச்சிக்குவேன்."

முதல் பாதிக்குத் தலையாட்டினார். "உங்க பக்கத்துல வேணாம். அதோட கட்டில்லயே படுக்க வைங்க."

அடுத்து என் பக்கம் திரும்பினார். ஒரு பிள்ளையை வளர்ப்பு வீட்டில் விட நீதிமன்றம் கொடுக்கும் உத்தரவு பெரும்பாலும் 2 வருஷத்துக்குத்தான். முடிவதற்குள் நீட்டிக்காவிட்டால் பிள்ளைக்கு அரசு தரும் உதவித்தொகைக்கே சிக்கல். நாடு முழுக்க அப்படி ஏகப்பட்ட உத்தரவுகள் காலாவதியாகி, 2011இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. "தேதியை யார் பார்த்துக்குவாங்க?" என்றார். சுவரில் தொங்கிய கோயில் நாட்காட்டியைக் காட்டினேன், ராகுகாலம் போட்ட அதே தாள் நாட்காட்டி. விரலால் ஒரு தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீங்க காய்ச்சல்ல படுத்துட்டா?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அன்றைக்கே தடித்த அட்டை போட்ட பதிவேடு ஒன்று வாங்கி, செயலாளரையும் பொறுப்பில் சேர்த்தேன்.

அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு: மூன்றாவது வீட்டுக்கு வளர்ப்பு அம்மா கிடைக்கும்வரை அங்கே பிள்ளைகள் கூடாது. அந்தச் சாவி இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது.