நெல்லுக்கு அங்கே என்ன பெயர்?

எங்கள் வீட்டு அடுப்படியில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு சிறிய எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி அளந்ததும், அத்தை அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தத் தூக்கில் போடுவார். பிடியரிசிக் காணிக்கை. மாதக் கடைசி ஞாயிறன்று சபையின் பெண்கள் எல்லோரும் தங்கள் தூக்குகளைக் கொண்டுவருவார்கள். அரிசியை ஒன்றாகக் கொட்டி ஏலம் விட்டு, வருகிற பணத்தை ஊழியத்துக்கு அனுப்புவோம். நான் மருமகளாக வந்த எட்டு வருடங்களில் அத்தையின் அந்தப் பிடி ஒரு வேளைகூடத் தவறிப் பார்த்ததில்லை.

போன வைகாசியில் ஓர் இரவு, கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள தான்சானியாவுக்கு ஊழியம் செய்யப் போகிறோம் என்று வீட்டில் சொன்னோம். மறுநாள் காலை அத்தை உலையில் அரிசியைப் போட்டார். தூக்கைத் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை.

பொறையாறுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நான் செவிலியர், பிரசவ வார்டில்தான் அதிக வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். என் கணவர் நடவு இயந்திரம், அறுவடை இயந்திரம் எல்லாம் பழுது பார்ப்பவர். மாமாவோடு சேர்ந்து ஒன்பது மா நிலத்தையும் பார்த்துக்கொள்கிறார். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டு. சம்பா அறுவடை முடிந்து மாசியில் புறப்படுகிறோம். முதல் நான்கு மாதம் மொரோகோரோ நகரத்தில் அந்த நாட்டு மொழியான சுவாஹிலி படிக்க வேண்டும். பிறகு நெல் விளைகிற ஒரு கிராமம். எனக்கு மருத்துவ நிலையத்திலும் இவருக்கு வயலிலும் வேலை.

ஊரில் பலர், அங்கே சபையே இல்லாததுபோலவும் நாங்கள் போய்த்தான் விளக்கேற்றப் போகிறோம் என்பதுபோலவும் பேசுகிறார்கள். அது சரியல்ல. தான்சானியாவின் லுத்தரன் சபை உலகத்திலேயே மிகப் பெரிய லுத்தரன் சபைகளில் ஒன்று. எங்கள் சபையைவிடப் பல மடங்கு பெரியது. நெல்லும் தெரிந்து, பிள்ளைப்பேறும் தெரிந்த ஒரு குடும்பம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அழைத்தவர்கள் அவர்கள். இதை நான் ஒவ்வொரு ஜெபக் கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆயத்த வேலைகளில் அலைச்சல் நிறைய. மகளின் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் அவளுடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டும் நான்கு மாதம் ஆயிற்று. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக மயிலாடுதுறையில் ரயிலேறி, இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்துக்குப் போய் வந்தோம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். அதற்குத் தரும் மஞ்சள் அட்டை இப்போது ஆயுளுக்கும் செல்லும். இவையெல்லாம் எப்படியோ முடிந்துவிடுகிற வேலைகள்.

முடியாமல் என்னை உறுத்திக்கொண்டிருந்தது பண விஷயம். எங்களை அனுப்பும் அமைப்பின் முறைப்படி, எங்கள் மாதச் செலவைத் தாங்கும் ஆதரவாளர்களை நாங்களேதான் தேட வேண்டும். பத்து வருடம் சம்பளம் வாங்கியவள் நான். கொடுப்பதுதான் பாக்கியம் என்று ஞாயிறு பள்ளியில் படித்து வளர்ந்தவள். சபை சபையாகப் போய் நின்று, எங்களைத் தாங்குங்கள் என்று கேட்பது தொண்டையில் முள்ளாக நின்றது. வசதியுள்ளவர்களிடம்கூட எப்படியோ கேட்டுவிட்டேன். எங்கள் தெருவில் நடவு வேலைக்குப் போகும் ஒரு பெரியம்மா, மாதம் நூறு ரூபாய் என்று நோட்டில் பெயர் எழுதச் சொன்னபோதுதான் பேனா நகரவில்லை. கணவர் இல்லை, மழைக்காலத்தில் ஓலைக் கூரை ஒழுகும் வீடு. "வேண்டாம் பெரியம்மா, ஜெபம் பண்ணுங்கள், அது போதும்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வேண்டாம் என்று சொல்ல நீ யார்? நான் உனக்கா கொடுக்கிறேன்?" என்றார்.

எழுதினேன். அன்றிரவு அழுதேன். ஏழையின் கையைத் தடுப்பது பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எவ்வளவு மேட்டிமை இருந்தது என்று அவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது. வாங்கத் தெரியாத நான், அங்கே போய் எந்தக் கையால் கொடுப்பேன்?

மாமா வேறு மாதிரி. முதல் வாரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினார். அங்கே எந்த ஆறு? ஜூன் 12 மேட்டூர் திறப்பதுபோல அங்கே ஏதாவது உண்டா? வாய்க்கால் முறை வைப்பது யார்? மழையை நம்பிய வயல்கள்தான் அதிகம் என்று இவர் சொன்னதும், "அப்படியானால் வானம் பார்த்த பூமி. கடைமடைக்காரனுக்கு அது புதிதல்ல" என்றார். ஆற்றின் வால்பகுதியில் இருக்கும் எங்களுக்கு, வரும் வரும் என்று காத்திருந்து தண்ணீர் வராமலே போன வருடங்கள் உண்டு.

அந்தப் பேச்சின் நடுவில் இவர் சொன்ன ஒரு செய்தி மாமாவை அசைத்தது. பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒற்றை நாற்று, கயிறு பிடித்துச் சதுர நடவு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர், இடையில் களையெடுக்கக் கோனோ வீடர் கருவி உருட்டல் என்று நாம் செய்யும் திருந்திய நெல் சாகுபடி எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் மடகாஸ்கர் தீவிலிருந்து. 1961இல் அங்கே போன லொலானியே என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார், அந்த ஊர் விவசாயிகளிடம் வருடக்கணக்காகக் கற்றுக்கொண்டு, சிலர் ஒற்றை நாற்றாக நடுவதையும் எப்போதும் தண்ணீர் தேக்காமல் வயலைக் காயவிடுவதையும் கவனித்துவைத்திருந்தார். 1983இல் மழை பொய்த்து நாள் தட்டிப்போனதால், பதினைந்து நாள் நாற்றையே பிடுங்கி நட வேண்டி வந்தது. அது நன்றாகத் தூர் கட்டியது. இருபது ஆண்டுகளில் அந்த முறை நம் வயலுக்கும் வந்துவிட்டது.

மாமா வெகுநேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். "குத்துக்கு ஒரு நாற்றா, நிலம் நாற்றுக்கு அழாதா என்று அன்றைக்கு வேளாண்மை அதிகாரியிடம் சண்டை போட்டேன்" என்றார். பிறகு, "வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா" என்றார் மகனிடம். இவருக்கு அன்றுதான் பாதி ஆயத்தம் முடிந்தது.

போன ஜூலை 9 அன்று பிள்ளைகளோடு தரங்கம்பாடிக்குப் போனோம். 1706இல் அதே தேதியில் ஜெர்மனி நாட்டு லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்க் ஐயரும் புளூட்சோ ஐயரும் வந்து இறங்கிய கரை. கோபன்ஹேகனில் கப்பல் ஏறி ஏழு மாதத்துக்கு மேல் கடலில் இருந்திருக்கிறார்கள். சீகன்பால்குக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட நிறையவில்லை. முப்பத்தாறு வயதில், 1719இல், இறந்து, அதற்கு முந்தின ஆண்டு தாம் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானார். ஒவ்வொரு வருடமும் பிரசங்கத்தில் அவர் கொடுத்தவற்றைச் சொல்வார்கள்: அச்சுக்கூடம், 1715இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு, பள்ளிக்கூடம். இந்த முறை எனக்கு அவர் வாங்கிக்கொண்டதே ஞாபகம் வந்தது. ஒரு வளர்ந்த மனிதர், படித்தவர், நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறு பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். வந்து இரண்டே வருடத்தில், தாம் சேர்த்துப் படித்த தமிழ் ஓலைச்சுவடிகளுக்கு ஒரு பட்டியலே எழுதினார். கல்லறைப் பக்கத்தில் மகனைத் தூக்கிக்கொண்டு நின்றபோது நான் கேட்டது அந்த விரல் ஒன்றைத்தான்.

இப்போது எங்கள் வீட்டுத் திண்ணைப் பள்ளிக்கு வாத்தியார் என் மகள். பாடத்தை போனில் போட்டுக் கேட்கிறோம். எனக்கு மூன்று நாளில் பதியாதது அவளுக்கு ஒரு மாலையில் பதிந்துவிடுகிறது. பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகமோ" என்று வணங்க வேண்டும், அவர்கள் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். விழுந்தவர், நோயாளி, துக்கத்தில் இருப்பவர், சும்மா களைத்து வந்தவர், எல்லோருக்கும் "போலே" என்று ஒரு சொல். பிரசவ வார்டில் நின்றவளுக்கு அந்தச் சொல்லின் அருமை தெரியும்.

எங்களை வியக்க வைத்தது வேறொன்று. ஆங்கிலத்தில் நெல்லையும் அரிசியையும் சோற்றையும் ஒரே சொல்லால் சொல்லிவிடலாம். சுவாஹிலியில் முடியாது. நெல்லுக்கு ம்புங்கா. அரிசிக்கு ம்ச்செலே. வெந்துவிட்டால் வாலி. நம்மைப்போலவே மூன்று. இதை இவர் மாமாவிடம் சொன்னபோது, அவர் அடுப்படிப் பக்கம் திரும்பி, வேண்டுமென்றே உரக்க, "சோற்றுக்கும் அரிசிக்கும் வித்தியாசம் தெரிந்த ஜனங்களாம்" என்றார்.

உள்ளிருந்து பதில் இல்லை.

அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். எட்டு வருடமாக, இன்னும் அதற்கு முன்னும், ஊழியத்துக்கென்று பிடி பிடியாகப் போட்டவர். ஒருநாள் அந்தப் பிடிக்குள் தன் மகனும் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள் என்று எந்தத் தாய் நினைத்திருப்பாள்? நான் சமாதானம் சொல்லப் போகவில்லை. போக எனக்கு வாயும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுத்தேன்.

இது நடந்தது போன வாரம். கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, கரண்ட் இல்லை. அத்தை இரவு உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார். மகள் டிரம்மில் கையை விட்டு அளைந்துகொண்டே, "அப்பாயி, இது ம்ச்செலே. இன்னும் வாலி ஆகவில்லை" என்றாள்.

அத்தை அரிசியைக் களைந்தார். இரண்டு தண்ணீர் ஊற்றினார். பிறகு, என்னைப் பார்க்காமல், குழந்தையிடம் கேட்டார்: "நெல்லுக்கு அங்கே என்ன பெயர் என்று சொன்னாய்?"

"ம்புங்கா."

"ம்... புங்கா" என்று சொல்லிப் பார்த்தார். டிரம்முக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். தூக்கின் மூடி ஆறு மாதமாகத் திறக்காமல் இறுகியிருந்தது. நான்தான் பிடித்துத் திறந்து கொடுத்தேன்.