மொறிஸ் மைனருக்குச் சரியான பிளக் எடுக்கப் பட்ட பாடு

பழைய கார் வைத்திருப்பவர்கள் எஞ்சினில் பொறி போடுகிற ஸ்பார்க் பிளக் வாங்கப் போகும்போது கழற்றின பிளக்கை மட்டும் சாம்பிளாக நம்பிப் போகாதீர்கள். முன்பு யாரோ பிழையானதைப் பூட்டியிருந்தால், அதே பிழையைத்தான் திரும்பவும் காசு கொடுத்து வாங்கி வருவீர்கள்.

எங்களுடையது அப்பாவின் மொறிஸ் மைனர் 1000, 948 சிசி. கிளிநொச்சியில் ஒரு கராச்சில் சேர்விஸ் செய்து எடுத்த நாளிலிருந்து இழுவை இல்லை. கியர் மாற்றினால் இருமும், சந்தியில் நிறுத்தினால் நூரும். கராச்சில் கேட்டால் "காபரேற்றர் பழசு அண்ணை" என்றார்கள். வீட்டில் பிளக் நான்கையும் கழற்றிப் பார்த்தேன். நான்கிலும் அடுப்புக்கரி மாதிரிக் காய்ந்த கரி. துடைத்துவிட்டுப் பிளக்கின் வெள்ளைப் பீங்கானைப் பார்த்தால் என்ஜிகே கம்பனியின் பி8எச்எஸ். முல்லைத்தீவுக் கரையில் வள்ளத்து மோட்டர்களுக்குப் பூட்டுகிற இனம் அது!

புரி 14 மி.மீ. என்பதால் மைனருக்குள்ளும் அது அழகாக ஏறும். அதில்தான் ஆபத்தே இருக்கிறது. 'எச்' என்றால் புரியின் நீளம் 12.7 மி.மீ. இந்த எஞ்சினுக்கு வேண்டியது 19 மி.மீ., அதாவது 'இ'. கட்டைப் பிளக் ஓட்டைக்குள்ளேயே ஒளிந்துகொண்டு பொறி போடும். அதோடு 8 மிகவும் குளிர்ந்த பிளக். மைனரின் மெல்லிய ஓட்டத்துக்கு அது தன் கரியைத் தானே எரித்துத் தள்ளுகிற அளவுக்குச் சூடாகாது. சரியான இலக்கம் என்ஜிகேயில் பிபி6இஎஸ், சாம்பியன் கம்பனியில் என்9வைசி.

அந்தக் கராச்சை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. போர் நடந்த நாளில், பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில்தான் கார் ஓடியது. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, ஏறுகிற பிளக் எதுவோ அதைப் பூட்டி ஓடினார்கள். அப்போது வேறு வழியில்லை. இப்போது வழி இருக்கிறது, பழக்கம்தான் போகவில்லை.

முதலில் போன கடையில் "நெடுசு வேணும் தம்பி, 19 மில்லி" என்று சொல்லியும், பெடியன் என் கையிலிருந்த பழசை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இன்னொரு பி8எச்எஸ்ஸையே நீட்டினான். இன்னொரு கடையில் பொஷ் டபிள்யூ5டிசி எடுத்துத் தந்து "5, 6 எல்லாம் ஒண்டுதான் அண்ணை" என்றார்கள். ஒன்றல்ல. என்ஜிகேயில் இலக்கம் கூடக் கூடக் குளிர். பொஷ், சாம்பியன் இரண்டிலும் கூடக் கூடச் சூடு. பிபி6இஎஸ்ஸுக்கு நிகர் பொஷ்ஷில் டபிள்யூ7டிசி. டபிள்யூ5 ஏறக்குறைய என்ஜிகே 8 அளவுக்குக் குளிர்ந்தது.

பிறகு வவுனியாவில் ஒரு கடைக்குப் போன் எடுத்தேன். "பிபி6இஎஸ் இருக்கு, வாங்கோ" என்றார்கள். பஸ் ஏறிப் போய், காசு கொடுக்க முதல் பெட்டியைத் திறந்து பார்த்தால் பெட்டியில் பிபி6இஎஸ், பீங்கானில் பிபி6எச்எஸ். காட்டினால், "பெட்டியில போட்டிருக்கிறதுதான் கணக்கு" என்று கவுண்டரில் நின்றவர் சண்டைக்கு வந்தார். வெறுங்கையோடு ஏ9 வழியாகத் திரும்பி வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நான்கு பெட்டியையும் திறந்து பீங்கானில் உள்ள எழுத்தை வாசியுங்கள்.

கடைசியில் கிடைத்தது எங்கே தெரியுமா? கிளிநொச்சியில் தண்ணி இறைக்கிற மெசின் விற்கிற கடையில்! ஹொண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினுக்குப் போடுவது பிபிஆர்6இஎஸ். நடுவில் வருகிற 'ஆர்', உள்ளே ரெசிஸ்ரர் இருக்கிறது என்பதற்கு. பொறிக்கு மின்சாரத்தை வெட்டி விடுகிற பொயின்ற் வைத்த பழைய எஞ்சினுக்கும் அது ஒன்றும் செய்யாது. தோட்டக்காரர் நிறைந்த ஊரில் அந்தப் பிளக் எப்போதும் கைவசம் இருக்கும். கடை ஐயாவிடம் எறியக் கிடந்த தேய்ந்த பிளக் ஒன்றையும் கேட்டு வாங்கினேன். அது ஏன் என்று சொல்கிறேன்.

கட்டைப் பிளக் கிடந்த ஓட்டையில், அது எட்டாத அடிப்புரி முழுக்கக் கரி இறுகிப்போயிருக்கும். புதுப் பிளக் பாதி வழியில் நிற்கும். சாவி போட்டு முறுக்கினால் புரி போய்விடும். தேய்ந்த பிளக்கின் புரியில் இரும்பு வாளால் நீளவாக்கில் மூன்று வெட்டு வெட்டி, வெட்டுக்குள் கிறீஸ் அப்பி, கையால் அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று மெல்ல மெல்ல இறக்கினேன். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கிறீஸ் கறுத்துக் கரித்தூளோடு வந்தது. துடைத்து, புதுக் கிறீஸ் வைத்து, அடி தட்டும்வரை. நான்கும் முடிந்த பிறகு பிளக் பூட்டாமலே எஞ்சினைச் சுற்றவிட்டு மிச்சத்தை ஊதித் தள்ளினேன்.

பிளக் முனையில் பொறி பாய்கிற இடைவெளி 25 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு), அதாவது 0.64 மி.மீ. மெசின் பிளக் கொஞ்சம் கூடுதலாக விரிந்து வரும், பீலர் கேஜ் என்கிற அளவுத் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். பிளக் தலையில் வருகிற குமிழ் நட் இருக்கிறதா என்றும் பாருங்கள், சில பெட்டிகளில் தனியாகக் கிடக்கும். வாசர் தட்டும்வரை கையால், பிறகு சாவியால் அரைச் சுற்று, அவ்வளவுதான்.

பரந்தன் தாண்டி ஆனையிறவு வரை ஓடிப் போய், அங்கேயே நிறுத்திக் கழற்றிப் பார்த்தேன். பீங்கான் இளம் மண்ணிறம். இருமல் இல்லை. காபரேற்றரில் யாரும் கை வைக்கவும் இல்லை.

ஒன்று மட்டும் கவனம். இது 'இ' நீளம் கேட்கிற எஞ்சினுக்குத்தான். 1948இல் வந்த முதல் மைனரின் சைட் வால்வு எஞ்சினுக்குக் கட்டைப் பிளக்தான் சரி. அதற்கு இந்த நெடுசைப் பூட்டினால் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். உங்களுடையது எந்த எஞ்சின் என்று தெரியாவிட்டால், எஞ்சின் தலையில் பிளக் ஓட்டையின் ஆழத்தை ஒரு ஈர்க்கால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.