பூம்பாறையில் ஒரு பனிக்காலை

அப்பா போன பிறகு ஒரு வருடம் மலைக்கோயில் பக்கமே போகக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். தை மாதத்தில் அந்த வருடம் முடிந்தது. முதலில் எங்கே போகலாம் என்று அண்ணன் கேட்டதும் பூம்பாறை என்றேன். "பனிக்காலத்துல வேண்டாம், விறைச்சுப் போயிடுவே" என்று அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஊர்.

கொடைக்கானலிலிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான். விடியும் முன்னே கிளம்பி, கிராமம் மொத்தமும் கீழே தெரிகிற வளைவில் வண்டியை நிறுத்தினோம். ஊரைச் சுற்றிப் படிப்படியாக இறங்கும் பூண்டுத் தோட்டங்கள். பள்ளத்துப் புல் மட்டும் உப்பைக் கொட்டியது போல வெளுத்திருந்தது. மேட்டில் பச்சை அப்படியே இருந்தது. குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் சரிந்து வந்து பள்ளத்தில் தேங்கிவிடும் என்றான் அண்ணன். மேகமில்லாத இரவில்தான் இப்படிப் பனி உறையுமாம். மலை முகட்டைத் தாண்டி வெயில் இறங்க இறங்க வெள்ளை பின்வாங்கியது. வெயில் பட்ட இடமெல்லாம் புகை போல ஆவி. அரை மணி நேரம் வேறு எந்த நினைப்பும் வரவில்லை. ஒரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. (பார்க்க வந்த எனக்கு அழகு. உருளைக்கிழங்கு போட்டவருக்கு இலை கருகும் காலம். அதையும் சொல்ல வேண்டும்.)

குழந்தை வேலப்பர் கோயிலில் செருப்பைக் கழற்றியதும் கல்தரையின் குளிர் முழங்கால் வரை ஏறியது. மூலவர், போகர் சித்தர் ஒன்பது பாஷாணங்களைக் கலந்து செய்த நவபாஷாணத் திருமேனி என்பது நம்பிக்கை. இங்கே தேருக்கு முன்னும் பின்னும் வடம் கட்டி இழுப்பார்கள், சரிவான தெருக்கள் அப்படி. ஆனால் என்னை நிறுத்தியது தலக்கதைதான். இரவில் தூங்கிக்கொண்டிருந்த அருணகிரிநாதரைக் கொல்ல அரக்கி ஒருத்தி வர, முருகன் குழந்தையாக வந்து பக்கத்தில் இருந்து காத்தானாம். ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்த இரவுகள் நினைவுக்கு வந்தன. என்னால் எதையும் தடுக்க முடியவில்லை. சரி, பக்கத்திலாவது இருந்தேன்.

வெளியே வந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. வெயில் விழுந்த படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். என் காலைப் பார்த்துவிட்டு, "நிழல்ல ஏம்மா நிக்கிறே, இப்படி வா" என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.