கானா டிராக்குல சத்தம் பத்தலையா?

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் வீட்டிலேயே கானா மிக்ஸ் பண்ற தம்பிங்களுக்கு. எடுத்ததும் லிமிட்டரை (சத்தம் ஒரு அளவைத் தாண்டாம தடுக்கிறது) திருகாதீங்க. மிக்ஸோட பீக், அதாவது உச்சபட்ச சத்தம், -6 டிபியில (டெசிபல்) நிக்கட்டும். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்குற ரொம்பத் தாழ்ந்த ஒலியை வெட்டிடுங்க. காதுக்குப் பெருசா கேக்காது, ஆனா லிமிட்டரோட இடத்தைத் தின்னுது. கிக் டிரம்மும் டோலக்கோட தொப்பியும் (பேஸ் பக்கம்) 250 ஹெர்ட்ஸ் பக்கம் மோதி அடைச்ச மாதிரி இருந்தா அங்க 2 டிபி இறக்குங்க. கம்ப்ரஸர் (பெரிய சத்தத்தை அமுக்கி மட்டப்படுத்துறது) 2:1, அட்டாக் (அது அமுக்க எடுத்துக்குற நேரம்) 30 மில்லிசெகண்ட். ரொம்ப வேகமா வச்சா டோலக் அடி மொன்னையாயிடும், அப்புறம் அது என்ன கானா? கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசா சிதைச்சு மேல் சுரங்களைச் சேர்க்குறது) போட்டா போன் ஸ்பீக்கர்லயும் பேஸ் தெரியும். லிமிட்டர் சீலிங் (உச்ச வரம்பு) -1 டிபி, ட்ரூ பீக் (சாம்பிள்களுக்கு நடுவுல எழும்புற உச்சத்தையும் பிடிக்கிறது) ஆன். 3 டிபிக்கு மேல நசுக்குனா குரல் கரகரன்னு ஆயிடும். -14 லஃப்ஸை (LUFS, பாட்டோட சராசரி சத்த அளவு) தாண்டுனா யூடியூப் எப்படியும் சத்தத்தை இறக்கிடும். ரெஃபரன்ஸ் பாட்டை (ஒப்பிட்டுப் பாக்க எடுத்துக்குற வேற பாட்டு) உங்க பாட்டோட சத்தத்துக்கு இறக்கி வச்சே ஒப்பிடுங்க.