ஸ்டாப் என்ற சொல்லுக்கு மரியாதைப் பன்மை கிடையாது

எங்கள் அரங்கத்தின் சாமான் அறையில், ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டியிருக்கும் அதே சுவரில், ஒரு காண்டாக் கம்பும் இரண்டு வாளிகளும் தொங்குகின்றன. புதிதாக வரும் மாணவர்கள் ஏதோ தோட்டத்து நாடகத்துக்கு வாங்கிய சாமான் என்று நினைப்பார்கள். அது என் அம்மாவுடையது. தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிய காலத்தில் அந்தக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியை மாட்டி, தோளில் வைத்து, பாலைச் சேர்க்கும் கொட்டாய் வரைக்கும் நடந்திருக்கிறார். இப்போது அதை வைத்துத்தான் நான் பின்மேடைப் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கிறேன். ஏன் என்று எழுதினால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் இருப்பது மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை, எங்கிருந்து பார்த்தாலும் ஜெராய் மலை. இந்த வட்டாரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழக அரங்கில் மேடைக்குப் பின்னால் நடக்கும் எல்லாமும் என் பொறுப்பு. விளக்கு, திரை, ஏணி, வயர், இருட்டில் ஓடும் பிள்ளைகள், அவர்கள் எல்லாரும் வந்தபடியே வீட்டுக்குத் திரும்புவது, எல்லாம்தான்.

மேடைக்கு மேலே குறுக்காக இரும்புப் பைப்புகள் தொங்கும். திரை, விளக்கு, படுதா எதுவாக இருந்தாலும் அதில் கட்டி மேலே ஏற்றுவோம். ஒவ்வொரு பைப்புக்கும் எதிர்ப்பக்கம் சுவரோரமாக ஒரு எடைக் கூண்டு. பைப்பில் 90 கிலோ படுதா இருந்தால் கூண்டிலும் 90 கிலோவுக்கு இரும்புக் கட்டிகள் அடுக்குவோம், நாங்கள் அதைக் கல் என்று சொல்வோம். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்போது ஒரு சின்னப் பெண்கூட ஒரு கையால் கயிற்றை இழுத்து அவ்வளவு பெரிய கோபுரப் படுதாவை மேலே அனுப்பிவிடலாம். ஆனால் வரிசை முக்கியம். ஏற்றும்போது பைப்பைக் கீழே இறக்கி வைத்து முதலில் சாமானைக் கட்ட வேண்டும், பிறகுதான் மேலே போய்க் கல் அடுக்க வேண்டும். இறக்கும்போது தலைகீழ்: முதலில் கல், அப்புறம்தான் சாமான். படுதாவை முதலில் அவிழ்த்துவிட்டால் கூண்டுப் பக்கம் கனம் கூடி, கூண்டு விழும், பைப் மேலே பாயும். கயிற்றில் ஒரு பூட்டு இருக்கிறதே என்று கேட்பார்கள். அந்தப் பூட்டு சமமாக இருக்கும் கயிறு நகராமல் பிடிக்க மட்டும்தான், ஏற்றத்தாழ்வான எடையைத் தாங்க அல்ல.

இது எனக்குத் தெரியும். அன்றைக்கு மேடையில் இருந்த மாணவர்களுக்கும் தெரியும், நானேதான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அப்படியும் நடந்தது.

பொங்கல் விழா நாடகம் முடிந்து இரவு பதினொன்றரை. நாடகத்தை இயக்கியவர் வெளியிலிருந்து வந்த மாஸ்டர், அறுபது வயதைத் தாண்டியவர், தோட்டம் தோட்டமாகப் போய்க் கோவில் திருவிழாவில் நாடகம் போட்டவர், பிள்ளைகள் எல்லாரும் காலைத் தொட்டுக் கும்பிட்ட மனிதர். வாடகை லாரி வெளியே காத்துக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் அவிழ்த்துக் கொடுங்கடா என்றார். நான்கு பையன்கள் ஓடிப்போய்ப் படுதாவின் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள். நான் அப்போது முன்வாசலில் விருந்தினரை வழியனுப்பிக்கொண்டிருந்தேன். சாமான் இறக்கும் நேரத்தில் நான் நிற்க வேண்டிய இடம் மேடை, வாசல் அல்ல. அந்தத் தவறு என்னுடையது.

கயிற்றுப் பக்கம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி நின்றிருந்தாள். அவள் பார்த்துவிட்டாள். "அண்ணே, மேல கல்லு இன்னும் எடுக்கலண்ணே" என்று சொன்னாள். யாரும் திரும்பவில்லை. மறுபடியும், "மாஸ்டர், ஒரு நிமிஷம் மாஸ்டர், கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்" என்றாள். அவள் இந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் பைப் மேலே பறந்துவிட்டது. கூண்டு கீழே இடித்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. கயிற்றைப் பிடித்து நிறுத்தப் பார்த்த ஒரு பையனுக்கு இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்துபோனது. கூண்டிலிருந்து சிதறிய ஒரு கல், ஐந்து நிமிடத்துக்கு முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்ட இடத்தில் கிடந்தது. அந்த இடத்தை நான் இன்றைக்கும் மிதிக்காமல் சுற்றித்தான் போகிறேன்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டுப் பேசினேன். ஏன் கத்தவில்லை என்று கேட்கவில்லை, என்ன நினைத்தாய் என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் எனக்கு இந்த வேலையையே புதிதாகக் காட்டியது. "மாஸ்டர் இருக்கும்போது எப்படிக்கா நிறுத்துன்னு சொல்றது?"

யோசித்துப் பாருங்கள். தமிழில் அந்த இடத்தில் அவள் என்ன சொல்ல முடியும்? நிறுத்து என்றால் மரியாதை இல்லை. நிறுத்துங்கள் என்றால் மரியாதை இருக்கிறது, ஆனால் பெரியவருக்கு உத்தரவு போடுகிற மாதிரி. அதனால் நம் பிள்ளைகள் மாஸ்டர் என்று தொடங்கி, ஒரு நிமிஷம் போட்டு, கொஞ்சம் சேர்த்து, கேள்வி மாதிரி முடிப்பார்கள். அதற்குள் 90 கிலோ விழுந்துவிடும். நம் வீட்டில் நாம் அப்படித்தானே வளர்த்திருக்கிறோம், தோட்டத்திலும் அப்படித்தான். வேலையை மேய்க்கும் மண்டோர் சொன்னால் சொன்னதுதான், கணக்கு எழுதும் கிராணி ஐயா சொன்னால் கேள்வியே கிடையாது, தோட்டத்து மேனேஜர் தொரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். என் அம்மா காலத்துப் பயம் அது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் போய்விட்டன, பயம் மட்டும் பிள்ளைகளின் நாக்கில் இருக்கிறது. மரியாதை தப்பு என்று நான் சொல்லவரவில்லை, எனக்கும் அந்த மாஸ்டர்மேல் பெரிய மரியாதை உண்டு. அந்த மரியாதைக்கு இரண்டு நொடி தேவைப்படுகிறது, பின்மேடையில் அந்த இரண்டு நொடி நம்மிடம் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் மேடையில் ஒரே ஒரு சொல்: ஸ்டாப். குழுவில் மலாய்க்காரப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் இருப்பதால் எல்லாருக்கும் புரியும் என்பது ஒரு காரணம். எனக்கு முக்கியமான காரணம் வேறு. அதில் நீ இல்லை, நீங்களும் இல்லை. முதலாண்டுப் பிள்ளை சொன்னாலும் துணைவேந்தர் சொன்னாலும் ஒரே ஸ்டாப். கேட்டவுடன் எல்லாரும் கையை அப்படியே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், ஏன் என்று பிறகு கேட்கலாம். ஆபத்து இல்லாமல் தவறாகக் கத்தியிருந்தாலும் யாரும் முகம் சுளிக்கக் கூடாது, நான் நன்றிதான் சொல்வேன். சொல்லிவைத்தால் மட்டும் வராது என்பதால் பழக்குகிறோம். ஒவ்வொரு தயாரிப்பிலும் முதல் நாள், குழுவிலேயே சின்னப் பிள்ளை மூத்தவரைப் பார்த்து ஸ்டாப் என்று கத்த வேண்டும். முதல் தடவை குரல் வராது. மூன்றாவது, நான்காவது தடவையில்தான் வயிற்றிலிருந்து வரும்.

சட்டமும் இப்போது நம் பக்கம் இருக்கிறது. 1994 ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம் முன்பு குறிப்பிட்ட சில துறைகளுக்கு மட்டும்தான். 2022 இல் திருத்தி, 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்தும்படி ஆக்கிவிட்டார்கள். அந்தத் திருத்தத்தில், உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் ஊழியர், முதலாளி அதை நீக்கத் தவறினால் அங்கிருந்து விலகிக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவே சேர்ந்திருக்கிறது. அது ஊழியருக்கான உரிமை. எங்கள் மாணவர்கள் சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை. ஆனால் சம்பளம் வாங்கும் விளக்கு டெக்னீஷியனுக்கு இருக்கும் உரிமை, அவருக்குப் பக்கத்தில் நின்று வயர் பிடிக்கும் பிள்ளைக்கு இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

காண்டாவுக்கு வருகிறேன். கூண்டுக் கணக்கைப் படம் போட்டு விளக்கினால் தலையாட்டுவார்கள், பரீட்சைக்கும் எழுதுவார்கள், அவசரத்தில் மறந்துவிடுவார்கள். அதனால் இரண்டு வாளியிலும் தண்ணீர் நிரப்பி, காண்டாக் கம்பில் மாட்டி, ஒரு பையன் தோளில் வைப்பேன். நடக்கச் சொல்வேன். சமமாக இருந்தால் சுலபமாக நடப்பான். பிறகு சொல்லாமல் ஒரு வாளியை மட்டும் கழற்றிவிடுவேன். கம்பு துள்ளும், அடுத்த வாளி டமால் என்று விழும், அவன் காலெல்லாம் நனையும். யாரும் பேசமாட்டார்கள், மேலே பைப்பைப் பார்ப்பார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "ரெண்டு வாளியையும் ஒண்ணா தரையில வச்சிட்டுத்தான் கழட்டணும், இது தெரியாதா அவங்களுக்கு" என்றார். பல்கலைக்கழகத்துக்குத் தெரியாமல் போனது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் தோட்டத்திலிருந்து எடுத்தேன். பிரட்டு. விடியற்காலை இருட்டில் எல்லாரும் வரிசையாக நிற்க, மண்டோர் பேர் கூப்பிடுவார், யார் எந்த நிரை, அதாவது எந்த மர வரிசை, என்று சொல்வார். காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் நாங்களும் பிரட்டு நிற்கிறோம், மலாய்ப் பிள்ளைகளும் அந்தச் சொல்லையே பழகிக்கொண்டார்கள். பேர் கூப்பிட்டு, யார் எங்கே நிற்பார், தீப்பிடித்தால் எந்தக் கதவு, யார் கடைசியாக வெளியே வருவார் என்று வாயால் சொல்ல வைப்போம். தாளில் கையெழுத்து வாங்குவது போதாது. முடிந்த பிறகும் அதே பேர்ப் பட்டியலைத் திரும்பக் கூப்பிடுவோம். தலை எண்ணாமல் கதவைப் பூட்டுவதில்லை.

கதவு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. 1989 செப்டம்பரில், ஜெராய் மலைக்கு அந்தப் பக்கம் யான் வட்டாரத்தில், ஒரு சமயப் பள்ளியின் விடுதி எரிந்து 27 மாணவிகள் இறந்தார்கள். நான் அப்போது தொடக்கப்பள்ளியில் இருந்தேன், பெரியவர்கள் ரேடியோ பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் பேசியது நினைவிருக்கிறது. 2017 இல் கோலாலம்பூரில் குர்ஆன் மனனம் செய்யும் ஒரு தஹ்ஃபிஸ் பள்ளி எரிந்தது, 23 பேர் இறந்தார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி. நாடக அரங்கங்களின் கதையும் இதே கதைதான். 1903 இல் சிகாகோவில் இரோகுவா அரங்கத்தில் மேடை விளக்கு ஒன்றின் பொறி திரையில் பற்றியது. மேடைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவில் இறங்கித் தீயைத் தடுக்க வேண்டிய தீத்திரை பாதியில் சிக்கிக்கொண்டது, பல கதவுகளைத் திறக்க முடியவில்லை, 600 பேருக்கு மேல் இறந்தார்கள். 1911 இல் எடின்பரோவில் மேடை எரிந்தபோது தீத்திரை இறங்கியது, பார்வையாளர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். இறந்தவர்கள் திரைக்குப் பின்னால் இருந்தவர்கள். அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. தீத்திரை முன்னால் இருப்பவர்களைக் காப்பாற்றும். பின்னால் இருப்பவர்களுக்கு நான்தான் கதவு.

அதனால்தான் பின்கதவுக்கு முன்னால் ஆர்மோனியப் பெட்டி வைத்தாலும் சத்தம் போடுகிறேன். கொஞ்ச நேரம்தான்க்கா என்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாமும் நடக்கும். தமிழ் நிகழ்ச்சி என்றால் கூடுதலாகப் பார்க்க வேண்டியதும் இருக்கிறது: குத்துவிளக்கு, கற்பூரம், நைலான் புடவை, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கட்டும் அத்தாப்பு ஓலைக் கூரை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் பற்றி, மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் மாண்டதைத் தமிழர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. குத்துவிளக்கை நான் தடுப்பதில்லை. விளக்கின் பக்கத்தில் ஈரத்துணியோடும் தீயணைப்புக் கருவியோடும் ஒருவர், அவருக்கு வேறு எந்த வேலையும் இல்லை. புகை மிஷின் போடும்போது டிடெக்டரை அணைத்து வைத்தால் அந்த நேரம் முழுக்க ஒருவர் கண்ணால் காவல், முடிந்ததும் திரும்பப் போட்டதை எழுதி வைக்க வேண்டும். 13 ஆம்பியர் பிளக்கில் ஆயிரம் வாட் விளக்கு மூன்று போட்டால் பிளக் அதன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். சுருட்டிய வயரைச் சுருளாகவே வைத்து ஓட்டினால் அது உள்ளுக்குள் சூடேறி உருகும். இதெல்லாம் பழகிவிடும்.

பழகாதது வெறுங்கால். நம்மவர்கள் மேடையைத் தொட்டுக் கும்பிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். பின்மேடை விதி, கனமான ஷூ இல்லாமல் யாரும் சாமான் தூக்கக் கூடாது என்கிறது. இரண்டும் எனக்கு வேண்டும். எனவே ஒரு நேரம் வைத்தோம். சாமான் வேலை முடியும் வரை மேடை தொழிலாளியுடையது, எல்லாருக்கும் ஷூ. அப்புறம் கூட்டி, காந்தக் கட்டையை மேடை முழுக்க இழுத்து, திருகாணி, ஸ்டேப்ளர் முள் எல்லாவற்றையும் பொறுக்கிய பிறகு மேடை ஆடுகிறவர்களுடையது. அந்த நிமிடத்திலிருந்து யாரும் ஷூவோடு ஏறுவதில்லை. ஒருமுறை காந்தத்தில் பதினேழு ஆணி வந்தது. பரத நாட்டியம் ஆடும் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுத் தன் உள்ளங்காலைத் தடவிக்கொண்டாள்.

இந்த ஆண்டு அதே மாஸ்டர் திரும்ப வந்தார். முதல் ஒத்திகையில், காட்சி எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்காக, கழுத்தை நிமிர்த்தியபடி பின்பக்கமாகவே நடந்து வந்தார். ஸ்டாப் என்று ஒரு குரல். கீச்சுக் குரல், ஆனால் அரங்கம் முழுக்கக் கேட்டது. மாஸ்டர் ஒரு காலைத் தூக்கிய நிலையிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் மேடைத் தரையில் ஒரு கதவு மூடியிருந்தது, ஆனால் திருகாணி போடவில்லை. கத்தியது முதலாண்டுப் பிள்ளை, முகமெல்லாம் சிவந்து, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் காலை முன்னால் வைத்து, திரும்பி அந்தக் கதவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"எந்தத் தோட்டம்மா நீ?"

அவள் தன் தாத்தா இருந்த தோட்டத்தின் பேரைச் சொன்னாள். அங்கே மாரியம்மன் திருவிழாவுக்கு இரண்டு தடவை நாடகம் போட்டிருக்கிறேன் என்றார் மாஸ்டர், அந்த மேடை எண்ணெய்த் தகரங்களின்மேல் பலகை போட்டது என்றும் சொன்னார். நாங்கள் திருகாணி போட்டு, காந்தத்தை இன்னொரு தடவை இழுத்தோம். ஒத்திகை இருபது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.